கோடு எந்தத் திசையில் ஓடுகிறது? பெரிய பிளான் பிரிண்டரில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிளான் பிரிண்ட் போடும் கடைகளிலிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணே, ஹெட்டு போயிட்டுன்னு நினைக்கேன். புதுசு என்ன விலை வரும்?" விசாரித்தால் அநேகமாக ஹெட்டில், அதாவது தாளில் மை தெளிக்கும் பாகத்தில், ஒன்றுமே இருக்காது. ரோல் கோணலாக மாட்டியிருக்கும். இல்லையென்றால் ஈரம் ஏறிய தாள், தூசி அடைத்த ரோலர், எண்ணெய் பட்ட என்கோடர் ஸ்ட்ரிப் (ஹெட் எங்கே நிற்கிறது என்று அறிய உதவும் நாடா). காசு கொடுத்து ஹெட் வாங்கி மாட்டிய பிறகும் அதே கோடு அதே இடத்தில் வரும்போதுதான் விஷயம் புரியும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஏ0 தாள் என்பது 841 மில்லிமீட்டர் அகலம், 1189 மில்லிமீட்டர் நீளம். அவ்வளவு பெரிய தாளைக் கொஞ்சமும் சாயாமல், தூக்காமல், நழுவாமல் கொண்டுபோவதுதான் இந்த மெஷின்களின் முக்கிய வேலை. மையோ டோனரோ அதற்கு அடுத்ததுதான். ஏ4 பிரிண்டரில் கால் மில்லிமீட்டர் நழுவினால் யாருக்கும் தெரியாது. இங்கே அது தாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் சுவர் ஒரு பக்கமும் வாசல் ஒரு பக்கமும் நிற்கும். அதனால் படத்தில் குறை தெரிந்தால் முதலில் தாள் போகும் வழியைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் ஒரு சோதனைத் தாள்

ஆட்டோகேடில் ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் உதவும். 36 அங்குல ரோலுக்கு, அதாவது 914 மில்லிமீட்டர் அகலத்துக்கு, இப்படி வரையுங்கள்: அகலவாக்கில் 800 மில்லிமீட்டர் கோடு ஒன்று, நீளவாக்கில் 1000 மில்லிமீட்டர் கோடு ஒன்று, தாள் முழுக்க 100 மில்லிமீட்டர் கட்டங்கள், அவற்றின் குறுக்கே சில சாய்வுக் கோடுகள், கடைசியில் அகலம் முழுக்க ஒரு கறுப்புப் பட்டை. சாய்வுக் கோடுகளை விட்டுவிடாதீர்கள். நேர்கோட்டில் கண்ணுக்குத் தப்பும் சின்ன உடைப்பு சாய்வுக் கோட்டில் பளிச்சென்று தெரியும்.

இதை அடித்துப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குறை, தாள் போகும் திசையில் நீளமாக ஓடுகிறதா, தாளுக்குக் குறுக்காக ஓடுகிறதா?

இதற்குப் பதில் மெஷினைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். மை தெளிக்கும் இன்க்ஜெட் பிளாட்டரில் ஹெட்டைச் சுமந்துகொண்டு கேரியேஜ் குறுக்கே ஓடுகிறது, தாள் விட்டு விட்டு முன்னே நகர்கிறது. அதனால் குறுக்குக் கோடு வந்தால் அநேகமாகத் தாள் நகர்வில் குறை (மை வெளிவரும் நுண்துளையான நாஸில் விடுபட்டாலும் வரும், அதைக் கடைசியில் சொல்கிறேன்). குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் நீளவாக்கில் குறை வந்தால் கேரியேஜ் ஓடும் பாதையில் குறை. டோனர் தூளால் அடிக்கும் மெஷினில், வெளிச்சத்தால் படம் வரையும் எல்இடி வரிசை அகலம் முழுக்க அசையாமல் நிற்கிறது, தாள் நிற்காமல் ஓடுகிறது. அங்கே நீளக்கோடு வந்தால் அந்த இடத்தில் நிற்கும் ஏதோ ஒன்றில் அழுக்கு அல்லது கீறல். குறுக்குக் கோடு வந்தால் சுற்றும் ஏதோ ஒன்றில் கோளாறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கோடு, இரண்டு மெஷினில் இரண்டு நோய். இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாத பாகத்தைக் கழற்றுகிறார்கள்.

இன்க்ஜெட்டில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு அல்லது கறுத்த கோடு

ஒரு பட்டை அடித்து முடித்ததும் தாள் அடுத்த பட்டைக்கு நகர வேண்டும். கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தால் நடுவில் வெள்ளை இடைவெளி. குறைவாக நகர்ந்தால் இரண்டு பட்டையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கறுத்த கோடு. கோட்டின் நிறமே எந்தப் பக்கம் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

மெஷின் மெனுவில் தாள் நகர்வைச் சரிசெய்யும் வழி இருக்கும். பேப்பர் அட்வான்ஸ் கேலிபரேஷன், ஃபீட் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதைத் தொடுவதற்கு முன் தாள் வகையைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 80 ஜிஎஸ்எம் பாண்ட் தாள் மாட்டிவிட்டு மெனுவில் கோட்டட் பேப்பர் என்று விட்டிருந்தால் நகர்வு மாறும். தாள் மாறினால் கனமும் வழுவழுப்பும் மாறும், ரோலரின் பிடியும் மாறும்.

பிடி என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1959-ல் வந்த கால்காம்ப் 565 போன்ற ஆரம்பகாலப் பிளாட்டர்களில் தாளின் இரு ஓரமும் துளை போட்டிருக்கும், பல்சக்கரம் அந்தத் துளையில் மாட்டி இழுக்கும். ஹெச்பி 1981-ல் 7580 பென் பிளாட்டரில் துளை இல்லாத சாதாரணத் தாளையே, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான சிறு சக்கரத்துக்கும் மேலிருந்து அழுத்தும் பிஞ்ச் ரோலருக்கும் நடுவில் பிடித்து முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டியது. அந்தச் சொரசொரப்பு தாளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளங்களைப் பதிக்கும். தாள் திரும்பி வரும்போது அதே பள்ளத்தில் அதே முனை போய் உட்காரும், இடம் தப்பாது. இன்றைக்கும் பெரிய பிளாட்டர்களில் தாளை நகர்த்தும் ரோலர் அந்த யோசனையின் வாரிசுதான். இவ்வளவு எளிய பாகம், இவ்வளவு பெரிய துல்லியம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் அந்தச் சொரசொரப்பில் தாள் தூசி அடைத்துவிட்டால் எல்லாம் போச்சு. விலை குறைந்த ரோலில் தூசி அதிகம். மெஷினை அணைத்து, மூடியைத் திறந்து, நைலான் பிரஷ்ஷால் ரோலரின் அகலம் முழுக்கத் தேயுங்கள். கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். சில மெஷினில் ரோலர் கையால் சுற்றாது. மெனுவில் ரோலர் கிளீனிங் என்று இருந்தால் அதன் வழியாகச் சுற்றவிட்டுத் தேயுங்கள். பிஞ்ச் ரோலரின் ரப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் எல்லாம் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், ரப்பர் இறுகிப்போகும்.

குறுக்குக் கோடு எல்லா இடத்திலும் வராமல், ஒரே சீரான தூரத்துக்கு ஒருமுறை மட்டும் வந்தால்? அந்தத் தூரத்தை ஸ்கேலால் அளந்து 3.14-ஆல் வகுங்கள். வரும் எண் ஏதாவது ஒரு ரோலரின் விட்டத்தோடு பொருந்தும். அந்த ரோலரில் ஒரு பக்கம் அழுக்கு ஒட்டியிருக்கும். அல்லது ரோலர் எவ்வளவு சுற்றியது என்று எண்ண அதன் முனையில் இருக்கும் என்கோடர் வட்டில் கறை பட்டிருக்கும். இந்தக் கணக்கு டோனர் மெஷினுக்கு இன்னும் அதிகமாக உதவும், கீழே வருகிறேன்.

செங்குத்துச் சுவர் கோடு பல்லுப் பல்லாக வருகிறது, அல்லது இரட்டையாகத் தெரிகிறது

கேரியேஜ் போகும்போதும் அடிக்கிறது, வரும்போதும் அடிக்கிறது. போகும்போது விழும் புள்ளியும் வரும்போது விழும் புள்ளியும் ஒரே இடத்தில் சேரவில்லை என்றால் நீளவாக்கில் உள்ள கோடு பல் பல்லாக உடையும். தாளின் அகலம் முழுக்க ஒரே அளவில் உடைந்தால் மெனுவில் உள்ள ஹெட் அலைன்மென்ட் ஓட்டினாலே சரியாகிவிடும்.

ஒரு பகுதியில் மட்டும் உடைந்தால் அலைன்மென்ட் எத்தனை முறை ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை. என்கோடர் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். கேரியேஜின் பின்னால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் நாடா அது. கிட்டப் போய் டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறப் பட்டைபோலத் தெரியும். உண்மையில் அது மிக நெருக்கமாகப் போட்ட கோடுகள், அங்குலத்துக்கு நூற்றுக்கும் மேல். கேரியேஜில் உள்ள சென்சார் ஒவ்வொரு கோடாக எண்ணித்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. ஒரு துளி மை, ஒரு விரல் ரேகை, தண்டவாளத்தில் போட்ட எண்ணெயின் தெறிப்பு, ஒரு பல்லி எச்சம் கூடப் போதும், எண்ணிக்கை தப்பும். தப்பினால் படம் அந்த இடத்தில் நகரும். ரொம்பத் தப்பினால் கேரியேஜ் போய் ஓரத்தில் 'டம்' என்று மோதி எரர் காட்டி நின்றுவிடும்.

துடைப்பதற்கு நூல் பிரியாத மெல்லிய துணி, அதில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர், அவ்வளவுதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும். ஸ்பிரிட் போட்டால் சில ஸ்ட்ரிப்பில் கோடுகளே அழிந்துவிடும். துணியால் ஸ்ட்ரிப்பை இரு பக்கமும் லேசாகப் பிடித்து ஒரே திசையில் இழுங்கள். ஒரு முனை ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும், அது கழன்றால் திரும்ப மாட்டும்போது ஸ்ட்ரிப் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப் சுத்தம், ஆனாலும் கேரியேஜ் மோதுகிறது என்றால் பெல்ட்டைப் பாருங்கள். வயதான மெஷின்களில் பெல்ட் இற்று, கேரியேஜ் பாதையில் கறுப்புத் துகள்களாக உதிரும். தொட்டால் கையில் ஒட்டும். அப்படி இருந்தால் துடைத்துப் பயனில்லை, பெல்ட் மாற்றத்தான் வேண்டும். உதிர்ந்த துகள் ஸ்ட்ரிப்பிலும் சென்சாரிலும் ஒட்டியிருக்கும், அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் புது பெல்ட்டுக்கும் அதே எரர் வரும்.

கேரியேஜ் ஓடும் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி மாதிரி கடலோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது தண்டவாளத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் முதலில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வரும். அப்போதே துணியால் துடைத்து, மெஷின் கம்பெனி சொன்ன எண்ணெயை ஒன்றிரண்டு சொட்டுத் துணியில் தொட்டுப் பூசினால் தப்பிக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சில வாரத்தில் அது பிசினாகி, தூசியையும் சேர்த்துக்கொண்டு கேரியேஜையே பிடித்து நிறுத்திவிடும்.

தாளின் ஓரத்தில் மட்டும் மை தேய்ந்து கறையாகிறது

இதுதான் நம் ஊரின் சொந்த நோய். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரைக்கும் தாளுக்கு ஓய்வே கிடையாது. ரோல் ஈரத்தை இழுக்கும்போது உட்பக்கம் இறுக்கமாகச் சுற்றியிருப்பதால் ஓரங்கள்தான் முதலில் ஈரம் குடிக்கின்றன. ஓரம் விரிகிறது, நடுப்பகுதி விரியவில்லை. விளைவு, தாளின் இரு விளிம்பும் கொசுவம் வைத்ததுபோல அலை அலையாக எழும்பும். ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். எழும்பிய ஓரம் ஹெட்டில் உரசும், மை இழுபடும், சில நேரம் தாளே மாட்டிச் சுருண்டுவிடும்.

தாளைத் தட்டையாக வைக்க அடியில் உறிஞ்சு விசிறி இருக்கிறது. தாள் கிடக்கும் பலகையான பிளேட்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகக் காற்றை இழுத்துத் தாளை ஒட்டவைக்கும். அந்தத் துளைகளில் காய்ந்த மையும் தூசியும் அடைத்திருந்தால் பிடி தளரும். தாள் ஏற்றும்போது விசிறி ஓடும் சத்தம் கேட்கும். அப்போது தாள் படாத பகுதியில் ஒரு டிஷ்யூ துண்டை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். சில மெஷின் மூடி திறந்தால் விசிறியை நிறுத்திவிடும், அப்படி என்றால் துளைகளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். குச்சி விட்டு நோண்டாதீர்கள், துணியால் துடைத்து, சின்ன வேக்குவம் வைத்து இழுங்கள்.

ஆனால் விசிறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈரம் குடித்த ரோலை அதனால் முழுசாக அடக்க முடியாது. ரோலை வைக்கும் விதத்தை மாற்றுவதுதான் நிரந்தர வைத்தியம். சிமெண்டுத் தரையில் ரோலைச் செங்குத்தாக நிறுத்தும் பழக்கம் நிறையக் கடையில் இருக்கிறது. தரையின் ஈரம் நேராக ஓரத்தில் ஏறும், விளிம்பும் நசுங்கும். மரப் பலகையில் படுக்கவைத்து, வந்த பிளாஸ்டிக் உறையிலேயே மூடி வையுங்கள். புது ரோல் வந்தால் மெஷின் இருக்கும் அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு மாட்டுங்கள். பாதி ஓடிய ரோலை ராத்திரி மெஷினிலேயே விடாமல் கழற்றி உறையில் போடுவது சிரமமாகத் தோன்றும். ஆடி, ஐப்பசி மாதங்களிலாவது அதைச் செய்யுங்கள். அறையில் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வைத்து 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி ஏசியை ஓட்டினால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

தாள் சாய்ந்து போகிறது, கொஞ்ச தூரத்தில் சுருக்கம் விழுகிறது

ரோலைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டிலில் அதை மாட்டும்போது ஒரு பக்கம் தடுப்பு வட்டு இருக்கும். அதோடு ரோல் இடைவெளியே இல்லாமல் முட்ட வேண்டும். கையால் தள்ளினால் போதாது. ஸ்பிண்டிலை நிறுத்தி, தடுப்பு கீழே இருக்கும்படி வைத்து, ரோலின் எடையே அதை உட்கார வைக்கும்படி செய்யுங்கள். ரோலின் உள்குழாய் 2 அங்குலமா 3 அங்குலமா என்று பாருங்கள். 3 அங்குலக் குழாய்க்கு அடாப்டர் போடாமல் மாட்டினால் ரோல் உள்ளேயே ஆடும், எவ்வளவு நேராக ஏற்றினாலும் சாயும்.

ஏற்றுவதற்கு முன் ரோலின் முனையைச் சரியான செங்கோணத்தில் வெட்டி, தளர்வை இறுக்கிச் சுற்றிவிட்டு ஏற்றுங்கள். இதிலேயே முக்கால்வாசி சாய்வு தீர்ந்துவிடும். தீராவிட்டால் பிஞ்ச் ரோலர்களில் ஏதாவது ஒன்று அழுத்தம் குறைந்திருக்கும். வரிசையாக ஒவ்வொன்றையும் விரலால் தூக்கிப் பார்த்தால் எது லேசாக இருக்கிறது என்று கைக்கே தெரியும்.

அளவு சரியாக வரவில்லை

வீட்டு பிளான் ஒப்புதலுக்குப் போனால் அங்கே ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள். 1:100 அளவில் 10 மீட்டர் சுவர் சரியாக 100 மில்லிமீட்டர் வர வேண்டும். வராவிட்டால் முதலில் பிடிஎஃப் அமைப்பைப் பாருங்கள், 'ஃபிட் டு பேஜ்' என்று இருக்கிறதா என்று. அநேகமாக அதுவே காரணம்.

அது இல்லை என்றால் சோதனைத் தாளின் 800, 1000 மில்லிமீட்டர் கோடுகள் இரண்டையும் தனித்தனியே அளங்கள். இரும்பு ஸ்கேலால் அளக்க வேண்டும், டெய்லர் டேப் வேண்டாம். நீளவாக்கில் மட்டும் தப்பினால் தாள் நகர்வுக் குறை, மேலே சொன்ன வழிதான். அகலவாக்கில் தப்பினால் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். தாளின் நார்கள் ரோலின் நீளவாக்கில் அமைந்திருக்கும். நார் ஈரம் குடித்தால் தடிப்பாகும், நீளம் அவ்வளவாகக் கூடாது. அதனால் தாள் அகலவாக்கில்தான் அதிகம் விரியும்.

டோனர் மெஷினில் இன்னொரு கூத்து. டோனரைச் சூட்டால் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசரில் தாளின் ஈரம் சட்டென்று போய்த் தாள் சுருங்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் மெதுவாகத் திரும்ப விரியும். அதனால் சூடாக வந்த தாளை உடனே அளந்து மெஷினைத் திருத்தாதீர்கள். ஒரு மணி நேரம் மேசையில் விட்டு அளந்து பாருங்கள்.

எதிர்பார்ப்பும் நியாயமாக இருக்கட்டும். கம்பெனிகள் தங்கள் குறிப்பேட்டில் கோட்டுத் துல்லியம் 0.1 சதவீதம் என்று போடும்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் ஃபிலிமில், குளிரூட்டிய அறையில் அளந்த கணக்கையே சொல்கின்றன. 0.1 சதவீதம் என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். 1:100 பிளானில் அது தரையில் 10 சென்டிமீட்டர். வீட்டு பிளானுக்கு அது போதும். எல்லைத் தகராறு உள்ள நில வரைபடத்துக்கு அளவு முக்கியம் என்றால் சாதாரணத் தாளை நம்பாமல் ஃபிலிமில் எடுங்கள். காப்பியிலிருந்து காப்பி எடுப்பதையும் தவிர்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிழை கூடும்.

டோனர் மெஷினில் நீளக்கோடு

முதலில் காப்பியா பிரிண்டா என்று பிரியுங்கள். கணினியிலிருந்து சோதனைத் தாளை அடியுங்கள். கோடு வரவில்லை, காப்பி எடுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் குற்றம் ஸ்கேனர் கண்ணாடியில். அசல் தாள் கண்ணாடி மேல் ஓடுவதால் கண்ணாடியில் ஒட்டிய ஒரே ஒரு பசைப் புள்ளி தாள் நீளம் முழுக்கக் கோடாக இழுபடும். திருத்த வெள்ளை மை தடவிய பிளான்களால்தான் இது அதிகம் வருகிறது. நகத்தால் சுரண்டாமல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள்.

பிரிண்டிலும் வந்தால், கறுப்புக் கோடா வெள்ளைக் கோடா? வெள்ளை அல்லது மங்கிய கோடு என்றால் எல்இடி ஹெட்டின் மேல் டோனர் தூசி படிந்து வெளிச்சத்தை மறைத்திருக்கலாம். 36 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் மொத்தம் 21,600 புள்ளிகள். அவ்வளவும் அசையாமல் ஒரே வரிசையில் நிற்கும். பழைய காலத்தில் லென்ஸும் கண்ணாடியும் வைத்துப் படத்தை டிரம்மில் (டோனர் ஏறும் உருளையில்) விழவைத்த இடத்தில் இந்த எல்இடி வரிசை வந்ததுதான் பெரிய பிளான் மெஷின்களை இவ்வளவு சின்னதாக்கியது. நகரும் பாகம் குறைந்தது, தூசி படியும் இடம் ஒன்று கூடியது. கறுப்புக் கோடு என்றால் சார்ஜ் கொடுக்கும் கொரோனா கம்பியில் அழுக்கு, அல்லது டிரம்மைத் துடைக்கும் பிளேடின் விளிம்பில் சேதம், அல்லது டிரம்மில் கீறல். கம்பியைச் சுத்தம் செய்வதற்கு முன் மெயின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம். டிரம்மை வெளியே எடுத்தால் கறுப்புத் துணியால் மூடுங்கள், வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும்.

சில மெஷின்களில் எல்இடி ஹெட் ஒரே துண்டாக இருக்காது, ஏ3 அகலத் துண்டுகள் மூன்றை அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே இணைப்பு வரும் இடத்தில், அதாவது அகலத்தின் மூன்றில் ஒரு பங்கிலும் இரு பங்கிலும், சாய்வுக் கோடு படிபோல உடையும். இது அழுக்கு இல்லை, இணைப்புத் திருத்தம் தப்பியிருக்கிறது. அகல ஸ்கேனரிலும் இதே கதைதான், பல சென்சார்களை ஒட்டித்தான் 36 அங்குலத்தைப் பார்க்கிறது. சூடேறும்போது பாகங்கள் கொஞ்சம் விரியும் என்பதால் மெஷினைப் போட்டவுடனே திருத்தாமல், அரை மணி நேரம் ஓடிய பிறகு, மெஷினோடு கொடுத்த அளவுத் தாளை வைத்துத் திருத்துங்கள்.

டோனர் மெஷினில் ஒரே தூரத்தில் திரும்பத் திரும்ப விழும் புள்ளி

இங்கேதான் 3.14 கணக்கு வேலை செய்யும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 251 மில்லிமீட்டர் என்றால் விட்டம் 80, அந்த அளவு டிரம்மாகத்தான் இருக்கும். 157 என்றால் விட்டம் 50, ஃபியூசர் ரோலரோ வேறு ரோலரோ. உங்கள் மெஷினின் ரோலர் விட்டங்களைச் சர்வீஸுக்கு வருபவரிடம் ஒருமுறை கேட்டு மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். அந்த ஒரு சீட்டு இருந்தால் எதையும் கழற்றாமலேயே குற்றவாளியைச் சொல்லிவிடலாம்.

இன்னும் சந்தேகமா? பாதி ஓடும்போதே மெஷினை நிறுத்தித் திறந்து, ஃபியூசருக்குள் இன்னும் போகாத தாளைப் பாருங்கள். புள்ளி அங்கேயே இருந்தால் டிரம் பக்கம், இல்லாவிட்டால் ஃபியூசர். ஃபியூசர் கடுமையான சூட்டில் இருக்கும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மங்கல், திட்டுத் திட்டு, கட்டை விரலால் தேய்த்தால் டோனர் உதிர்கிறது

மங்கலும் திட்டும் மழைக்காலக் காலையில் முதல் சில தாளுக்கு மட்டும் வந்தால் டிரம்மைப் பழிக்காதீர்கள். ஈரத்தாளில் மின்சார்ஜ் நிற்காமல் கசிந்துவிடும், டோனர் சரியாக ஏறாது. பல பெரிய டோனர் மெஷின்களில் ரோல் அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. மெஷினை அணைத்தாலும் பிளக் மாட்டியிருந்தால் அது ஓடிக்கொண்டே தாளை உலர்வாக வைக்கும். நம் கடைகளில் ராத்திரி பிளக்கையே பிடுங்கிவிடுகிறார்கள். காரணம் இடி, மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் விழும் இடிக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். என் கருத்து: இடி இடிக்கும் ராத்திரிகளில் தயங்காமல் பிடுங்குங்கள், மற்ற நாளில் பிளக் இருக்கட்டும். பிடுங்கிய மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறந்து மெஷினுக்குக் கரண்ட் கொடுத்துவிடுங்கள்.

டோனர் உதிர்வது வேறு விஷயம். அது சூடு போதாத குறை. தாள் கனத்துக்கு ஏற்ற அமைப்பு வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில் ஃபியூசர் தேவையான சூட்டைத் தொடாது. அதற்கு நல்ல ஸ்டெபிலைசர் வேண்டும். கணினிக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் டோனர் மெஷினை மாட்டினால் அது தாங்காது.

பழைய வரைபடம் ஸ்கேனில் நெளிகிறது

1956 நவம்பர் 1-க்கு முன் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அந்தக் காலத்துப் பத்திரமும் வரைபடமும், மலையாள எழுத்தோடு, பல வீட்டுப் பெட்டிகளில் இன்னமும் இருக்கின்றன. சொத்துப் பிரிக்கும்போது அவற்றைத்தான் கொண்டுவருவார்கள். மடித்த இடத்தில் கிழியும், சிலவற்றுக்குப் பின்னால் துணி ஒட்டியிருக்கும். அப்படியே ரோலர் ஸ்கேனரில் விட்டால் ஒரு ரோலர் பிடிக்கும், இன்னொன்று நழுவும், படம் நெளியும். மோசமானால் தாள் இரண்டாகும். திரும்பக் கிடைக்காத காகிதம் அது.

தெளிவான பாலியெஸ்டர் ஷீட் இரண்டுக்கு நடுவே, முன் ஓரத்தை மட்டும் டேப் போட்டு, அதற்குள் வரைபடத்தை வைத்து விடுங்கள். ஸ்கேனரில் தாள் கனம் வைக்கும் வசதி இருந்தால் கூட்டி வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு பின் போதும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் போட. ரொம்ப நொறுங்கும் தாளாக இருந்தால் ரோலர் ஸ்கேனரில் விடவே வேண்டாம் என்று வந்தவரிடம் சொல்லி, மேசையில் விரித்துக் கேமராவில் எடுத்துக் கொடுங்கள். அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆவணம் பிழைக்கும்.

நாஸில் விடுபடுகிறது, கட்டர் வெட்டவில்லை

இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நாஸில் செக் அடித்து உண்மையிலேயே புள்ளிகள் விடுபட்டால் ஒன்றிரண்டு முறை கிளீனிங் ஓட்டுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் மைதான் வீணாகும். கேரியேஜ் ஓய்வெடுக்கும் இடத்தில் உள்ள ரப்பர் மூடியும் ஹெட்டைத் துடைக்கும் வைப்பரும் சுத்தமாக இருந்தால்தான் கிளீனிங் பலிக்கும். 2015-ல் ஹெச்பி அறிமுகம் செய்த பேஜ்வைடு எக்ஸ்எல் மாதிரி, ஹெட் அசையாமல் அகலம் முழுக்க நிற்கும் மெஷின்களில் நாஸில் விட்டால் குறுக்கே அல்ல, நீளவாக்கில் வெள்ளைக் கோடு வரும். வேகத்துக்காகக் கேரியேஜையே எடுத்துவிட்டதால் இரண்டாவது முறை மேலே ஓடி மறைக்க ஆள் இல்லை.

கட்டர் கிழித்தால் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது அதன் பாதையில் தாள் நார் சுற்றியிருக்கும். ஈரத்தாளிலும் கிழியும்.

ஆள் கூப்பிடும்போது

பெல்ட், டிரம் பிளேடு, ஃபியூசர், மின் போர்டு ஆகியவற்றுக்கு ஆள் வரத்தான் வேண்டும். நம் பக்கம் உதிரிபாகம் திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டியிருப்பதால், தவறான பாகத்தோடு வந்து திரும்பிப் போனால் உங்களுக்கு வேலை நாள் போகும். போனிலேயே இதைச் சொல்லுங்கள்: குறை நீளவாக்கிலா குறுக்காகவா, எல்லாத் தாளிலுமா ஒரு ரோலில் மட்டுமா, திரும்பி வரும் தூரம் எத்தனை மில்லிமீட்டர், காப்பியிலா பிரிண்டிலா, எரர் எண் என்ன. சோதனைத் தாளை மேசையில் விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தாள் எந்தப் பக்கம் வெளியே வந்தது என்று அம்புக்குறி போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அம்புக்குறியை மறந்துவிடாதீர்கள், அது இல்லாத படத்தை வைத்து யாராலும் பாகத்தைச் சொல்ல முடியாது.